கரண்ட் போன சனிக்கிழமை

திங்கள் காலை வந்தாறுமூலையில்
ஆய்வுகூடக் கதவைத் திறக்கும்போதே
மண் மணத்தது.
உறைந்த மண் மணக்காது.

உறைபெட்டியின் காலடியில் தண்ணீர்.
உள்ளே நாற்பத்தொரு பொலித்தீன் பை,
வெல்லாவெளி, கரடியனாறு, உன்னிச்சை,
என் கையெழுத்து ஊறிப்போய்.
எத்தனை மணிக்குப் போனதென்று
காவலாளி அரசரெத்தினத்துக்கும் தெரியாது.
"பிறகு வந்திட்டுத்தானே மிஸ்" என்றார்.

எறிய மனமில்லை.
ஒன்றைக் கரைத்துக் காய்ச்சி வடித்தேன்.
பச்சையாய் இறங்கிய குடுவைக்குள்
அமிலம் சொட்டுச் சொட்டாய்.
வெள்ளிக்கிழமை எட்டாம் கோட்டில் சிவந்த மண்
இன்று ஒன்பதிலும் பச்சை.
பதினொன்றில்தான் ரோசாவானது.

யாரும் உரம் போடவில்லை.
குளிர் விட்ட முப்பது மணித்தியாலம்
கண்ணுக்குத் தெரியாததுகள் விழித்து
செத்த வேரைத் தின்று
நைதரசனைக் கழித்திருக்கின்றன.

வாட்சோவிலிருந்து கேமா அனுப்பிய குரல்பதிவை
அப்போதுதான் மறுகாக் கேட்டேன்.
மீன் பக்டரியில் இரவு வேலை முடிந்து
நடந்துகொண்டே பறைகிறாள், மூச்சு வாங்குகிறது:
"நான் வந்த வருசம் இந்தப் பத்தை
கணுக்காலுக்குத்தான்கா நிண்டது.
இப்ப இடுப்பில முட்டுது.
காத்து அள்ளிற பனியெல்லாம் அதுக்குள்ள போய்க் குவியுது.
குவிஞ்ச இடத்தைக் கொத்திப் பாத்தன்.
அடியில நிலம் கல்லாகல்ல."

பத்தை பனியைப் பிடிக்கிறது.
பனி மண்ணைப் போர்த்துகிறது.
போர்வைக்குள் மண் உறங்காமல் சமைக்கிறது.
உண்ட பத்தை
இன்னும் கொஞ்சம் பனி பிடிக்க உயர்கிறது.
எது முதல் என்று
கொப்பியில் அம்புக்குறி கீறிப் பார்த்தேன்.
கிறுகிக் கிறுகி
தாள் ஓட்டையானது.

கலைமான் மேயும் வெள்ளைப் பாசி
இலை நிழலில் செத்துப்போகுதாம்.
அதைக் கடைசியில்தான் சொல்கிறாள்,
யாரோ வீட்டுச் சாவுபோல குரலை இறக்கி.

மத்தியானம் புவிராசா கோல் எடுத்தார்.
"நம்மட வயல்ல சத்து இருக்கா மிஸ்?
யூரியா விலை தெரியும்தானே."
எட்டு என்று சொல்லவா, பதினொன்று என்று சொல்லவா.
இரண்டும் அவர் மண்தான்.
ஒன்று கிடந்த மண், மற்றது எழும்பிய மண்.
புதிதாய் அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன்.
"இப்ப முழங்காலுக்குத் தண்ணி நிக்கே" என்றார்.

பின்னால் உறைபெட்டி இரைந்துகொண்டிருந்தது,
ஒன்றுமே நடக்காததுபோல்
பைகளின் மேல் வெள்ளை படர.