சோத்துக்கைப் பக்கம்

கஜரூபன் எண்ணெய் மணலுக்குப் போனால்
பதினாலு நாள் அங்கே, பதினாலு நாள் இங்கே.
அங்கே நிற்கும் நாள்களில்
பிக்கப் என் பொறுப்பு.

எழுபத்தொன்பதாம் ஆண்டுச் செவ்ரோலே.
ஆறு சிலிண்டரைத் தூக்கிவிட்டு
மெரிட் வளைவில் நொறுங்கிய வானொன்றின்
எட்டு சிலிண்டரை இறக்கினோம்.
முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.
பழைய ரேடியேட்டருக்குத்தான்
பிடிக்கவில்லை.

ஜூலையில் கம்லூப்ஸ் மலைகள்
வறுத்த மல்லி நிறத்தில் கிடக்கும்.
கொக்கிஹாலா ஏற்றத்தில்
ஏழாவது நிமிடம் முள் சிவப்பைத் தொட்டது.
"ஹீட்டரை முழுசாப் போடு."
முப்பத்தெட்டுப் பாகை வெயிலில்
கண்ணாடிகளை இறக்கி
எஞ்சினின் காய்ச்சலை மடியில் வாங்கிக்கொண்டு
உச்சிவரை ஒரு சொல் பேசாமல் போனோம்.
மறுநாள் அவன் விமானம் ஏறினான்.

பிறகு எல்லாம் தொலைபேசியில்.
"அகலம்?"
இருபத்தெட்டு அங்குலம், தாங்கியிலிருந்து தாங்கி.
"காத்தாடிக்கு எவ்வளவு இடம் மிஞ்சுது?"
என் மூன்று விரல், மோதிரத்தோடு.
"ரெண்டு வாயும் ஒரே பக்கம் வரவேணும்.
சோத்துக்கைப் பக்கம். விளங்குதோ?"
விளங்குது என்றேன்.
டோர்ச்சைப் பல்லில் கவ்வியிருந்தேன்,
அவனுக்கு என்ன கேட்டதோ.

கெலோனாவில் கோரி ஹலாஸ்
கேட்ட அளவுக்கு அலுமினியத்தில் செய்து தருகிறவன்.
எழுநூற்றி அறுபது டொலர்.
கொடுத்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை.

பெட்டியைப் பிரித்தால்
புது இட்லிச் சட்டிபோல மினுங்கியது.
இறக்கினேன். நாலு தாங்கியிலும்
சொன்ன சொல் தவறாமல் உட்கார்ந்தது.
இரண்டு வாயும்
ஸ்டியரிங் பெட்டியைப் பார்த்துத் திறந்திருந்தன.
எஞ்சினின் குழாய்கள் மற்றப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன,
கைகுலுக்க வந்து ஆளைக் காணாதவர்கள்போல.

"சோத்துக்கை எண்டெல்லே சொன்னனான்."
சோத்துக்கைதான்.
"நீ எங்கை நிண்டு பாத்தனீ?"
முன்னாலே. பொனெற்றைத் திறந்துகொண்டு.
வேறெங்கே நிற்பது?
"ஓட்டுறவன்ர சீற்றில இருந்தெல்லே பாக்கவேணும்!"

பதினொரு வருடச் சண்டைகளில்
எத்தனையில் நான் முன்னால் நின்றேன்,
எத்தனையில் அவன் உள்ளே இருந்தான் என்று
எண்ணிப் பார்த்தேன்.
கணக்கு சரிவரவில்லை.
போனை வைத்தேன்.

அதைக் காரின் பின்சீற்றில் ஏற்றி
பெல்ட்டும் போட்டுக் கூட்டிப்போனேன்.
கோரி இரண்டு வாயையும் அறுத்து அடைத்து
மற்றப் பக்கம் புதிதாகத் திறந்தான்.
உள்ளே இருந்த தடுப்பையும் இடம் மாற்றினான்.
தடுப்பில்லாவிட்டால்
மேல்வாயால் வருகிற தண்ணீர்
குறுக்கே போய்த் திரும்பாமல்
அப்படியே கீழ்வாயால் இறங்கிவிடுமாம்,
கொதி கொதியாகவே.
நூற்றி நாற்பது டொலர்.
"இது அடிக்கடி நடக்கிறதுதான்" என்றான்.
யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடைத்த இடத்தில் ஒட்டுத் தழும்பு,
மீன்செதில் அடுக்கினதுபோல.
தடவிப் பார்த்தேன். வடிவாய்த்தான் இருக்கிறது.

சனிக்கிழமை முழுக்கக் காற்று வெளியேற்றினேன்.
எஞ்சினில் ஆக உயர்ந்த மூலையில்
காற்று ஒளித்துக்கொள்ளும்.
அதற்கென்றே பென்சில் தடிப்பில் ஒரு குழாய்.
குமிழி. கொஞ்சம் பச்சைத் தண்ணீர். குமிழி.
இனிக்கிற விஷம் அது;
பக்கத்து வீட்டுப் பூனை வாளியை மணக்க வர
மூன்று தரம் துரத்தினேன்.
கடைசிக் குமிழி வர இருட்டிவிட்டது.

வியாழக்கிழமை விமான நிலையம்.
பையைப் பின்னால் எறிந்துவிட்டு
பழக்க தோஷத்தில் ஓட்டுகிற கதவுக்கு வந்தான்.
உள்ளே நான்.
சோத்துக்கைப் பக்கத்தாலை ஏறு, என்றேன்.
"ஆற்ர சோத்துக்கை?"

வீட்டுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டி
கொக்கிஹாலா ஏற்றத்தில் விட்டேன்.
ஏழாவது நிமிடம் இருவரும் முள்ளைப் பார்த்தோம்.
பத்தாவது நிமிடம்
அவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.