பொருத்தம் பார்த்தல்

சாட்ஸ்வொர்த், இரவுப் பணி.
குழாயை ஆட்டுகிறேன்,
கலையவில்லை,
மணலாய்த் திரண்டு நிற்கிறது.

மிசஸ் படையாச்சி,
போன ஜூனில் ஏற்றிய யாரையோ
உங்கள் உடம்பு முகம் பார்த்து வைத்திருக்கிறது.

நான்கு டிகிரியில்
முப்பத்தொன்பது நாள் கிடந்த பை ஒன்று.
ஆறே நாளானது இன்னொன்று.
இரண்டும் ஒரே ராத்திரி ஏறின.
பழையது கிளப்பிவிட்டதா, புதியதா?
ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன;
எனக்கு விடிவதற்குள் ஒரு பை வேண்டும்.

ஐந்து திரண்டன.
ஆறாவது,
குவாமாஷுவில் யாரோ கொடுத்தது,
சிவப்புப் புகையாய்க் கலைந்தது.
பெயர் இல்லை, எண்தான்.

ஒரு கார்டு எழுதித் தருகிறேன்,
பர்ஸில் வையுங்கள்.
அடுத்த வருஷம் சோதித்தால்
ஒன்றுமே தெரியாமல் போகலாம்.
உடம்பு மறந்த மாதிரி நடிக்கும்.
நம்பாதீர்கள்.