மூன்றாவது குழாய்

முதல் குழாய் கிருமி பார்க்க.
இரண்டாவது சீனிக்கும் புரதத்துக்கும்.
மூன்றாவது ஆராய்ச்சிக்கு;
அதில் பெயர் எழுதக் கூடாது.
தி-17 என்று ஒட்டினேன்.

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன்.
பின்னால் தொங்கிய கலண்டரில்
போயா நாளின் சிவப்புக்கூடத் தெளிவாய்த் தெரிந்தது.

பதினேழின் பெயர் சபேசமூர்த்தி.
துறைமுகத்தில் ஆழம் அளக்கும் படகில் வேலை.
உள்துறையில் எங்கே சேறு, எங்கே பாறை,
எங்கே குண்டு எட்டாத பள்ளம்,
நித்திரையிலும் சொல்லுவாராம்.
மாசியில் ஒரு விடியற்புறம் தூக்கி வந்தார்கள்.
அதை நான் எழுதப்போவதில்லை.
பிழைத்தார்.

நாலாம் நாள்
இறால்போலச் சுருண்டு முதுகைக் கொடுத்தார்.
"அசையாதீங்கோ" என்றார் டொக்டர்.
"அசைய என்ன கிடக்கு."
சொட்டு விழுந்தது. எண்ணிக்கொண்டு நின்றேன்.
சுவரைப் பார்த்தபடி கேட்டார்:
"என்ன நிறம்?"
"நிறமில்லை ஐயா. தண்ணி மாதிரி."
கனநேரம் பேச்சில்லை.
"கறுப்பா இருக்கும் எண்டு நினைச்சன்."

வெளியே அவர் மனைவி என் கையைப் பிடித்தாள்.
"இதில தெரியுமா தங்கச்சி?
மோட்டார்சைக்கிள் வித்த காசுக்கு
அண்டைக்கு ஒரு சொல்லுச் சொன்னனான்."
மூளையில் செரட்டோனின் என்று ஒன்று,
அது உடைந்து மிஞ்சும் அமிலம்
சிலருக்குக் குறைவாம் என்றேன்.
சிலருக்கு. எல்லாருக்கும் இல்லை.
அளந்தவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.
அவள் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள்:
"அப்ப, சீனி வருத்தம் மாதிரி ஒண்டு."
"அப்பிடியும் சொல்லலாம்."
பொய்யில்லை. முழுசும் இல்லை.
வாங்கில் இருந்து அழுதாள்.
பிறகு அவருக்குத் தேத்தண்ணி வாங்கப் போனாள்.

ஐஸ்பெட்டி இரவு பஸ்ஸில் பேராதனைக்குப் போனது.
"மீனோ?" என்று கேட்டார் கண்டக்டர்.
ஓம் என்றுவிட்டேன்.

முடிவு தனியாளுக்குத் திரும்பி வராது, அதுதான் விதி.
வந்தாலும் ஓர் எண்.
எந்த எண்ணில் ஒருவருக்கு விடியாமல் போகிறது என்று
எங்கள் அட்டவணை எதிலும் இல்லை.
அந்த ஒரு சொல்லை எந்தக் குழாயில் பிடிப்பது,
அதுவும் இல்லை.

ஆவணியில் பஸ் நிலையத்தருகே கண்டேன்.
வாழைப்பழத் தோலை மானுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.
மான் தோலை விட்டுவிட்டு
அவருடைய கிளினிக் கொப்பியைக் கடித்தது.
"வந்திட்டுதா பிள்ளை?"
"இன்னும் இல்லை ஐயா."
கொப்பியை இழுத்தெடுத்தார்,
மூலையில் எச்சிலைச் சாரத்தில் துடைத்தார்,
அடுத்த திகதி அழியவில்லையா என்று
விரித்துப் பார்த்தார்.
"அவசரமில்லை" என்றார்.