ஐந்து நாற்பது

கயிற்றை இழுத்தேன். கூரையில் சிவப்பு விளக்கு எரிந்தது.
பொத்தானை அமுக்கினேன். மோட்டார் ஊளையிட்டது.
ஓசைக்குக் குறைவில்லை.
ஷவர் தலையிலிருந்து ஒழுகியது
சளிப் பிடித்த குழந்தையின் மூக்கிலிருந்து ஒழுகும் அளவு.

ஹல் துறைமுகத்தில், மீன் தொழிற்சாலையில்,
இரவு முழுக்க ஹாடக் மீனுக்கு முள்ளெடுத்துவிட்டு
சைக்கிளில் வீடு திரும்புகிறவள் நான்.
பேருந்தில் ஏறினால்
பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே போகும்.
குளிக்காமல் படுத்தால்
தலையணைகூட முகம் திருப்பும்.

இந்த ஊளை இன்றைக்கு வந்ததில்லை.
பத்து மாதமாக வளர்ந்தது.
முதலில் கொசு. பிறகு கெட்டில்.
அப்புறம் பல் டாக்டர்.
தினமும் ஐந்து நாற்பதுக்கு அது கத்தத் தொடங்கியதும்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
டொக், டொக்.

ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஆக்ஸ்டபி.
ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற சிடுமூஞ்சி.
குப்பைத் தொட்டி வைக்கிற நாளில்
ஒரு தலையசைப்பு, அதோடு சரி.
'மன்னிச்சுக்கோங்க' என்று
எத்தனை விடியலில் டைல்ஸிடம் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை விடுமுறை.
அக்காவின் முன்னாள் புருஷன் டேரன் போனில் சொன்னான்:
'புதுசு வாங்கிடு பிரையனி.'
அவனுக்கு எதற்கும் அதுதான் வைத்தியம்.

கைவிளக்கைப் பல்லில் கவ்வி
பரணுக்கு ஏறினேன்.
தொட்டியில் தண்ணீர் இருந்தது. மிதவைப் பந்து
நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில்.
மூடி மட்டும் விலகிக் கிடந்தது.
குளிருக்குக் கூரையில் விரித்த பஞ்சு ஒரு கொத்து
உள்ளே விழுந்து
தாடியாக மிதந்தது.

தண்ணீரை அடைத்தேன். கயிற்றை இழுத்து
விளக்கு அணைந்ததா என்று இரண்டு தரம் பார்த்தேன்.
பெட்டியில் நான்கு திருகு.
ஐந்தாவது, பெயர்ச்சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது.
அதற்கு முக்கால் மணி நேரமும்
இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையும் செலவு.

உள்ளே நகமளவு வலை இரண்டு.
ஒன்றில் சுண்ணாம்பு, பல் காரைபோல.
இன்னொன்றில் மஞ்சள் தாடியின் மிச்சம்.
சிப்ஸுக்கு வாங்கிய வினிகரில் ஊறப்போட்டு,
பழைய பிரஷ்ஷால் தேய்த்து, மாட்டி,
அமுக்கினேன்.

அதே ஊளை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது:
குழாயில் காற்று நிற்கிறது.
கீழே போய்ச் சமையலறைக் குழாயின் வாயை
ஈரத்துணியால் பொத்தி
வெந்நீர், குளிர்நீர் இரண்டையும் திறந்தேன்.
வெளியேற வழியில்லாத தெருத் தண்ணீர்
வெந்நீர்க் குழாய்க்குள் தலைகீழாக ஏறியது.
சுவருக்குள் கடமுடா.
பரணில் தொட்டி ஒரு ஏப்பம் விட்டது,
கல்யாண விருந்து சாப்பிட்டவனைப்போல.

வெள்ளி விடியல். ஐந்து நாற்பது.
தண்ணீர் கொட்டியது, மோட்டார் முணுமுணுத்தது.
சுவர் தட்டப்படவில்லை.
தலையில் நுரையோடு
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

ஏழேகாலுக்கு வாசலில் ஆக்ஸ்டபி.
பேருந்து ஓட்டுநர் சட்டை, கோணல் டை,
ஒரு காலில் மட்டும் லேஸ் கட்டியிருந்தார்.
'உங்க ஷவர் செத்துப்போச்சா?'
'சரி பண்ணிட்டேன்.'
'ஐயையோ' என்றார்.

முதல் பேருந்து அவருடையதாம்.
மழையில் பதினான்கு பேர் நின்றிருக்கிறார்கள்.
அலாரத்துக்கு எழும் ஆளில்லையாம் அவர்,
ஊளைக்குத்தான் எழுவாராம்.
'அப்போ அந்த டொக் டொக்?'
ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
'எழுந்துட்டேன்னு. தேங்க்ஸ்னு.'

இப்போது நான் தட்டுகிறேன், இரண்டு தரம்.
பதிலுக்கு இரண்டு வரும்வரை
குழாயைத் திறப்பதில்லை.
குளிக்குமுன் தட்டுவதால்
அந்த ஒரு டைல் மட்டும்
எவ்வளவு துடைத்தாலும்
ஹாடக் வாடை.