வெளியேறிய நேரம்

வாசலில் ஒரு நோட்டு.
பெயர், வண்டி எண், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம்.
கயிறு கட்டிய பேனா எட்டவில்லை,
நான்தான் குனிய வேண்டியிருந்தது.

எனக்கு முந்தைய வரியில்:
டி. ரங்கசாமி, வெள்ளை டொயோட்டா, 6.40.
கடைசிக் கட்டம் காலி.

வார்டில் என் வேலையும் இதுதான்.
சேர்ந்த நேரம், போன நேரம்.
போனது வீட்டுக்கா என்று கேட்க
அங்கேயும் கட்டம் கிடையாது.

இரவு ஷிப்ட் முடித்துச் சீருடையோடே வந்திருந்தேன்.
பைன்டவுனின் நெடுஞ்சாலை தலைக்கு மேலே.
லாரிகளின் இரைச்சல்
இரண்டாவது வளைவு வரை கூடவே இறங்கி வந்தது.
மூன்றாவதில் அது அருவியின் இரைச்சலாக இருந்தது.
எந்த இடத்தில் கைமாறியதென்று
திரும்பிப் போய்ப் பார்த்தும் பிடிபடவில்லை.

ஹடேடா ஒன்று யாரையோ ஏசியபடி பறந்தது.
குப்பைத் தொட்டி விளிம்பில் ஒரு குரங்கு
சமோசா சுற்றிய தாளை
கடிதம்போல் விரித்து வைத்திருந்தது.

அருவி பெரிதொன்றுமில்லை.
நேற்றைய மழையில் பால் விடாத தேநீர் நிறம்.
கீழே நுரையில் ஒரு நீல மூடி
சுற்றிக்கொண்டே இருந்தது,
போகவும் மனமில்லாமல், நிற்கவும் தெரியாமல்.

பாறைமேல் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு.
ஆளில்லை.

"ரங்கசாமி அண்ணே!"

வீட்டில்கூட ஆங்கிலமே பேசும் வாய் இது.
முகம் தெரியாதவரை
அண்ணே என்று எங்கிருந்து எடுத்ததோ.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல்.
முழங்கால் தண்ணீரில் நின்று
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
பதில் ஆங்கிலத்தில் வந்தது:
வீட்டுக் குழாயில் மூன்று நாளாகக் காற்றுதான் வருகிறது,
அதனால் காலுக்காவது கொஞ்சம் தண்ணீர் காட்ட வந்தேன்.
என் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.
இரண்டு சுளை நீட்டினார்.
ஒன்றில் விதை.

வாசலுக்குத் திரும்பினால்
காவலர் சிபோனெலோ
எல்லோருடைய கடைசிக் கட்டத்தையும்
ஒரே கையெழுத்தில் நிரப்பியிருந்தார்.
ரங்கசாமி, 10.00.
என் வரியிலும் 10.00.
பத்துக்கு மேலதிகாரி வருவார்,
காலியாக இருந்தால் திட்டுவார் என்றார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

என் கைக்கடிகாரத்தில் ஒன்பதே கால்.

முக்கால் மணி நேரம்
எந்த நோட்டிலும் நான் இல்லை.

போனை வண்டியில் வைத்துப் பூட்டினேன்.
காலணியையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன்.
சரளைக்கல் குத்தியது.
சிபோனெலோ
வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்.