உப்பிட்டவர்

டுலூத்தில் பனி நவம்பரிலேயே வந்து உட்கார்ந்துவிடும்,
கடன்காரனைப் போல. ஏப்ரல் வரை எழுந்திருக்காது.
தேவாலயத்தின் நிலவறைக்கு இறங்க ஒன்பது படிகள்.
செவ்வாய் மாலை ஆறரைக் கூட்டத்துக்கு
ஐந்தே முக்காலுக்கே வந்து
படிக்குப் படி உப்புத் தூவுவார்
துப்பறியும் அதிகாரி வெர்ன் ஹாக்லண்ட்.
"ஏற்கெனவே விழுந்தவர்கள்தானே எல்லாரும்,
படியிலும் எதற்கு?" என்பார்.
அவருக்கு நகைச்சுவை வராது. காபியும் வராது.

என்னை அவர் முதலில் பார்த்தது
ஒரு மருந்துக்கடையின் பின்வாசலில்.
என் பையில் யார் பெயரோ ஒட்டிய நாற்பது மாத்திரைகள்.
விலங்கு மாட்டும்போது திமிறினேன்.
அவருடைய இடது சுண்டுவிரல்
கதவிடுக்கில் சிக்கி முறிந்தது.
அறிக்கையில் 'கதவு' என்று மட்டும் எழுதினார்.
நான் அவரை வெறுக்க அதுவே போதுமானதாக இருந்தது,
நான்கு வருடங்களுக்கு.

விரல் கோணலாகவே கூடியது.
கோப்பையைப் பிடிக்கையில் அது மட்டும் விலகி நிற்கும்,
முதல் நாள் கூட்டத்துக்கு வந்தவன்
கதவோர நாற்காலியில் உட்கார்வதைப் போல.

எண்ணெய்க் கிணறுகள் எரிந்த அந்தப் பாலைவனத்தைப் பற்றி
ஒரே ஒரு தடவை பேசினார்.
"நடுப்பகலில் விளக்குப் போட்டு வண்டி ஓட்டினோம்."
மேலே சொல்வார் என்று காத்திருந்தோம்.
எழுந்து போய்
காபி இயந்திரத்தின் மின்செருகியை அழுத்திவிட்டு வந்தார்.
"ஊருக்கு வந்தும் பதினோரு வருடம்
அந்த விளக்கை அணைக்கத் தெரியவில்லை.
குடித்தால் கொஞ்சம் மங்கும். அவ்வளவுதான்."

சட்டைப்பையில் இரண்டு குறிப்பேடுகள் வைத்திருப்பார்.
ஒன்று அரசாங்கத்துடையது.
மற்றதில் எங்கள் பெயர்கள்,
பெயருக்குக் கீழே கடைசியாகத் தொட்ட தேதி.
சறுக்கினால் அடிக்க மாட்டார்,
அடியில் புதுத் தேதி எழுதுவார்.
எனக்கு ஆறு தேதிகள்.
ஆறாவதோடு பக்கம் முடிந்தது,
ஓரத்தில், பக்கத்தைத் திருப்பச் சொல்லி ஓர் அம்புக்குறி.
"இவ்வளவுதானா என் மேல் நம்பிக்கை?" என்று கத்தினேன்.
"போலீஸ்காரன், பெல்லாஞ்சர்," என்றார்,
"காகிதம் மிச்சம் வைப்பது பழக்கம்."
அந்த அம்புக்குப் பயந்தே
ஒன்பது வருடம் தள்ளியிருக்கிறேன்.

ஜனவரியில், காவல் நிலைய வாகன நிறுத்தத்தில்,
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, இதயம் நின்றது.
பின்பெட்டியில் பாதி மூட்டை உப்பு.

தேவாலயத்தில் இடப்பக்கம் சீருடைகள்.
வலப்பக்கம் நாங்கள், இரவல் கோட்டுகளில்.
இடப்பக்கத்தவர் கைதுசெய்யாத ஆள்
வலப்பக்கத்தில் நால்வரோ ஐவரோதான்.
மடித்த கொடியை மடியில் வைத்தபடி
மகள் ஸிக்னே பேசினாள்:
"என் பட்டமளிப்பு நாளில் அப்பா வரவில்லை.
ஏதோ விடுதிக் குளியலறையில்
யாரோ ஒருவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம்."
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை,
மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.
உட்கார்ந்துவிட்டாள்.
அந்தத் தலை என்னுடையது.
எழுந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நிலம் உறைந்து கிடப்பதால்
அடக்கம் மே மாதம்தான் என்றார்கள்.
அதுவரை எங்கோ குளிரில் காத்திருப்பார்,
நேரத்துக்கு முன்பே வந்துவிட்டவராக.

அடுத்த செவ்வாய், ஆறு இருபது.
ஒன்பது படிகளும் கண்ணாடியாய்க் கிடந்தன.
வேறு யாராவது தூவியிருப்பார்கள் என்று
எழுவரும் நினைத்திருந்தோம்.
மேலே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
முதல்முறையாக வந்த பையன் ஒருவன்,
கை நடுக்கம் இன்னும் போகாதவன்,
எதிரே பெட்ரோல் பங்குக்கு ஓடினான்.
திரும்பியபோது கையில்
சமையல் உப்பு, ஒரு சின்ன அட்டைப்பெட்டி.
வெர்ன் யாரென்று அவனுக்குத் தெரியாது.
முதல் படியில் தூவிவிட்டு நிமிர்ந்தான்.
"இது போதுமா?"

போதாது, என்றேன்.
போடு.