எடைமேடை

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
பழத்தோடு வரும் லோரியை ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்புகையில் மறுமுறை.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழம்.
வேறு தத்துவம் எனக்குத் தெரியாது.

பழைய தாள் கடையில் கிலோ நாற்பது காசுக்கு
அட்டை போன புத்தகம் ஒன்று கிடைத்தது.
கிரேக்கத்தில் பாட்டுக்கு ஒன்பது பெண் தெய்வங்களாம்.
(நமக்கு ஒருத்தி. பரீட்சைக்கு முன்தினம் மட்டும்
அவளிடம் கூட்டம்.)
பெற்றவள் பெயர் நினைவு.
இரவில் பனிமூட்டம் போர்த்தி
ஊற்றைச் சுற்றி ஆடுவார்களாம்.
இங்கே இரவில் நகர்வது ஆலைப் புகை.

போருக்குப் போன கப்பல்களை எண்ண வேண்டுமென்றாலும்
புலவன் அவர்களைத்தான் கூப்பிடுவான்;
அவன் காதால் கேட்டவன், அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.
அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
கிராணித் தெய்வங்கள்!

மலையடியில் ஆடு மேய்த்தவனை
முதலில் நன்றாக வைதார்கள்.
பிறகு ஒரு மூச்சை அவனுக்குள் ஊதினார்கள்.
அதுமுதல் பாடினான்.
அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை:
ஊதும் முன் ஒருமுறை, ஊதியபின் ஒருமுறை
அவனை இந்த மேடையில் நிறுத்தியிருந்தால்?
என் தராசு
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் காட்டாது.

கருணைக்காரிகள் என்று நினைத்துவிட வேண்டாம்.
போட்டிக்கு வந்தவனின் பாட்டைப் பறித்து
விரல்களுக்கு யாழை மறக்கடித்தார்கள்.
எதிர்த்துப் பாடிய பெண்களைப் பறவைகளாக்கினார்கள்
(கூரைத் தகரத்தில் சண்டைபோடும் மைனாக்களை
இப்போதெல்லாம் நான் விரட்டுவதில்லை).
ஒருவனுக்குப் பாட்டைக் கொடுத்துக்
கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.
அவனுடைய நிகர எடையை யார் எழுதினார்கள்?

சோறு மறந்து பாடிச் செத்தவர்கள்
சில்வண்டுகள் ஆனார்களாம்.
உச்சிவெயிலில் யார் பாடுகிறார், யார் தூங்குகிறார் என்று
ஒன்பது பேரிடமும் போய்ச் சொல்லுமாம்.
பன்னிரண்டு மணிக்கு ஆற்றோரமிருந்து அவை கத்தும்போது
சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடிவிட்டு
எடைச்சீட்டின் முதுகில் ஏதாவது கிறுக்குகிறேன்.
பயம்தான்.

அப்பளசாமியின் லோரியில்
மூன்று வாரமாக எழுபது கிலோ கூடுதல்.
நேற்றுத்தான் பிடிபட்டது.
பழத்தோடு வரும்போது ஸ்டீயரிங் பின்னால் இருக்கிறான்,
வெறும் லோரியை நிறுக்கையில்
இறங்கி நின்று சிகரெட் பற்றவைக்கிறான்.
மூன்று வாரமாக ஆலை
அப்பளசாமியைப் பழமென்று வாங்கியிருக்கிறது.

"ஏன் இப்படி?" என்றேன்.
"நானும் பழுத்தவன்தானே, கிராணி."

சிரிப்பு முட்டியது.
தங்கள் பொய்க்கும் மெய்யின் எடைதான் என்று
அந்த ஒன்பது பேரும் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பக்கம்
ஞாபகம் வந்தது.

மேனேஜருக்கு எழுத வேண்டும்.
மேடையில் லோரி இல்லை. ஆள் இல்லை.
சில்வண்டுகள்.
திரையில் பூஜ்யம்
பத்தாகி
மறுபடி பூஜ்யம்.

காற்றாக இருக்கும் என்று எழுதினேன்,
சீட்டின் எந்தப் பக்கம் என்று பார்க்காமல்.